டீசல் போன வழி

நம் செட்டு ஆட்களுக்கு டீசல் வாடையைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. இன்றைய பிள்ளைகள் பெட்ரோல் பங்கில் வண்டி நின்றாலே மூக்கைப் பொத்துகிறார்கள். எங்கள் வீட்டில் அது சோறு வேகிற வாடை மாதிரி எந்நேரமும் இருந்தது. அப்பாவின் வேட்டியில் இருக்கும், கொடியில் காயும் துண்டில் இருக்கும், என் பள்ளிக்கூடப் பையில்கூட இருக்கும். டீச்சர் என்னை ‘லாரிக்காரர் மகளே’ என்றுதான் கூப்பிடுவார். எனக்கு அதில் பெருமைதான். கார் வைத்திருந்த வீட்டுப் பிள்ளையைக் கார்க்காரர் மகளே என்று யாரும் கூப்பிடவில்லையே.

வில்லாபுரம் அப்போது ஊராகவும் இல்லை, நகரமாகவும் இல்லை. அவனியாபுரம் போகிற பாதையில் பாதி வயல், பாதி வீடு. எங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த பொட்டலில்தான் லாரி நிற்கும். மூக்கு நீண்ட பழைய லாரி. யார் யாரோ ஓட்டி அலுத்துப்போனதை அப்பா வாங்கி, பச்சைப் பெயிண்ட் அடித்து, நெற்றியில் சாமி படம் வரைந்து வைத்திருந்தார். மேலூர்ப் பக்கத்துக் குவாரியில் கல் ஏற்றி மதுரைக்குள் வீடு கட்டுகிறவர்களுக்கு இறக்குவதுதான் அதன் பிழைப்பு, எங்கள் பிழைப்பும் அதுதான். கல் இறக்கும்போது ஒரு தடவை அப்பாவின் கால் மேல் கல் விழுந்து கணுக்கால் போய்விட்டது. கிளட்சை மிதிக்க முடியாது. அன்றிலிருந்து ஸ்டியரிங் அப்பாவின் தம்பி, என் சித்தப்பா கையில்.

வண்டி ஓட்ட முடியாத மனிதருக்கு வண்டியைப் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் வேலை. தினமும் காலையில் அப்பா இரண்டு சோதனை செய்வார். ஒன்று, டீசல் டேங்கின் மூடியைத் திறந்து மூங்கில் குச்சியை விட்டு, நனைந்த மட்டத்தைப் பார்ப்பார். மற்றொன்று, எஞ்சின் ஆயில். எஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கிற சேம்பருக்குள் ஒரு நீளக் கம்பி செருகியிருக்கும். அதை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். பழைய எஞ்சின் என்றால் ஆயிலைக் குடித்துக்கொண்டே இருக்கும், அடிக்கடி ஊற்ற வேண்டும். இந்தக் கதை நடந்த வருஷம் எங்கள் லாரிக்கு ஊற்றவே வேண்டியிருக்கவில்லை. பால்காரரிலிருந்து தபால்காரர் வரை அந்தக் கம்பியைப் பார்க்காதவர் கிடையாது.

“பாத்தீங்களா? சொட்டுக் குறையல. இம்புட்டு வயசான வண்டி எதுவாச்சும் இப்பிடி நிக்குமா? சும்மாவா, ராசியான வண்டி!”

பால்காரர் பாவம், ஆமாண்ணே, ஆமாண்ணே என்று தலையாட்டிவிட்டுப் போவார்.

சித்தி உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண். கலியாணமாகி வருஷங்கள் ஓடியும் பிள்ளை இல்லை என்று ஊர் வாய் மென்றுகொண்டிருந்தபோது, அந்தக் கோடைக்கு முன்னால் உண்டானாள். மசக்கை என்றால் சாம்பலைத் தின்பார்கள், மாங்காய் தின்பார்கள். சித்திக்கு டீசல் வாடை வேண்டும். சித்தப்பா வண்டியை விட்டு இறங்கிக் கை கழுவப் போனால் விடமாட்டாள்.

“செத்த நேரம் கழிச்சுக் கழுவுங்களேன்” என்று அவர் கையைப் பிடித்து மூக்கருகே வைத்துக்கொள்வாள். கூச்சமே கிடையாது. நாங்கள் எல்லாரும் இருப்போம்.

“பிள்ளை ஸ்டியரிங்கோடதான் பிறக்கப்போகுது” என்று அம்மா சிரிப்பாள். சித்தப்பா வெட்கத்தில் நெளிவார். அவ்வளவு பெரிய வண்டியை ஒற்றைக் கையால் ஒடிக்கிறவர், சித்தி கையைப் பிடித்தால் நிற்கத் தெரியாமல் நிற்பார். அந்த வீட்டில் நான் பார்த்த கடைசிச் சந்தோஷமான நாட்கள் அவைதான் என்று இப்போது தோன்றுகிறது.

அந்த வருஷம் மழை பொய்த்தது. கண்மாய்கள் வெடித்துக் கிடந்தன. கிணற்றில் டீசலில் ஓடுகிற ஆயில் எஞ்சின் வைத்திருந்தவர்கள் அடியில் கிடந்த தண்ணீரை உறிஞ்சிப் பயிரைக் காப்பாற்றப் பார்த்தார்கள். டீசலுக்கு அலைச்சல். லாரி டிரைவர்கள் வழியில் வண்டியை நிறுத்தி, டேங்கில் டியூபை விட்டு டீசலை உறிஞ்சிக் கேனில் விற்கிறார்கள் என்று டீக்கடைதோறும் பேச்சாக இருந்தது. பலர் விற்கவும் செய்தார்கள், பொய்யில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் லாரியின் டேங்கில் டீசல் குறைய ஆரம்பித்தது. ஓடிய ஓட்டத்துக்கு இருக்க வேண்டிய மட்டத்தில் குச்சி நனையவில்லை.

முதலில் யாரும் யாரையும் சந்தேகப்படவில்லை. “எங்கயோ ஒழுகுது” என்றார் அப்பா. தெற்குவாசலில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக்கை அழைத்துவந்தார்கள். அவரும் சித்தப்பாவும் வண்டிக்கு அடியில் சாக்கை விரித்துப் படுத்தார்கள். டேங்கின் அடிப்பக்கத் திருகாணி, அங்கிருந்து வருகிற குழாய், பில்டர், பம்ப், பம்பிலிருந்து எஞ்சின் தலைக்குப் போகிற மெல்லிய குழாய்கள் என்று ஒவ்வொரு மூட்டாகத் தடவிப் பார்த்தார்கள். எல்லா இடத்திலும் வருஷக்கணக்கான பிசுக்கு. எது புது ஈரம், எது பழைய அழுக்கு என்று தெரியவில்லை.

மெக்கானிக் ஒரு வழி சொன்னார். எஞ்சினைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, மூட்டு மூட்டாகப் பவுடரைத் தூவி, வண்டியை நிறுத்தியபடியே ஓடவிட வேண்டும். எங்கே கசிகிறதோ அங்கே பவுடர் நனைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

“திருநீறு இருக்கா?” என்று கேட்டார். அப்பா முறைத்த முறைப்பில் அந்தப் பேச்சு அங்கேயே நின்றது. சித்திதான் உள்ளே போய்த் தன் முகப் பவுடர் டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தாள். கலியாணத்துக்கு யாரோ கொடுத்தது, மல்லிகை வாசம் போட்டது. அதைப் போய் அந்தப் பிசுக்குப் பிடித்த எஞ்சினுக்குப் பூசினார்கள். மூக்கு நீண்ட லாரி பவுடர் போட்டுக்கொண்டு நிற்பதைப் பார்க்கத் தெருவே கூடிவிட்டது. பெண் பார்க்க யார் வருகிறார்கள் என்று கேலி செய்தார்கள். சித்தியும் வாசல்படியில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

காலையெல்லாம் எஞ்சின் ஓடியது. பொட்டல் முழுக்கப் புகை. பிறகு நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தார்கள். பவுடர் தூவியபடியே இருந்தது. ஒரு மூட்டில்கூட ஈரமில்லை. அடியில் விரித்த சாக்கிலும் சொட்டில்லை. சித்தப்பா விரலால் ஒவ்வொரு இடமாகத் தொட்டுப் பார்த்தார். விரல் வெள்ளை வெளேரென்று திரும்பி வந்தது.

கையைத் துடைத்துக்கொண்டே மெக்கானிக் கேட்டார்: “ஆயில் குறையுதாண்ணே?”

“சொட்டுக் குறையல” என்று அப்பா கம்பியை உருவிக் காட்டினார். கம்பியில் குறியைத் தாண்டியே நின்றது ஆயில். மெக்கானிக்கும் பார்த்தார். திருப்தியாகத் தலையாட்டினார்.

“ஆயிலு என்னமோ தண்ணியா இருக்கிற மாதிரி இருக்குண்ணே” என்றார் சித்தப்பா.

“அடிக்கிற வெயிலுக்கு நீயும் நானுமே தண்ணியா ஓடிருவோம். ஆயில் என்ன பண்ணும்?” என்று அப்பா கம்பியைச் செருகிவிட்டார். சித்தப்பா அண்ணனை எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் பேசவில்லை.

மெக்கானிக் போகும்போது அப்பாவைத் தனியாக அழைத்து, வண்டியில் ஒழுகல் இல்லை என்று மட்டும் சொன்னார். அவர் வேறெதுவும் சொல்லவில்லை. வண்டியில் ஒழுகல் இல்லையென்றால் வேறு எங்கே என்று அப்பாவே யோசித்துக்கொண்டார். யோசிக்கத் தோதாக ஒரு ஆளும் இருந்தார். உசிலம்பட்டியில் சித்தியின் அண்ணன் கிணற்றில் ஆயில் எஞ்சின் வைத்திருந்தார்.

மத்தியானச் சாப்பாட்டில் அது வெடித்தது. சித்தப்பா சோற்றில் ரசத்துக்குக் குழி பறித்திருந்தார்.

“ஒம் மச்சான் காட்டுல பருத்தி நல்லா நிக்குதாமே” என்றார் அப்பா.

“அப்பிடியாண்ணே?”

“ஊரெல்லாம் காஞ்சு கெடக்கு. அவருக்கு மட்டும் டீசல் எங்கிட்டு இருந்து கெடைக்குது?”

அம்மா ரசக் கரண்டியோடு நின்றுவிட்டாள். சித்தப்பா இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். “நான் கொடுக்கலண்ணே” என்றார். அப்பா பதில் சொல்லவில்லை. அந்தப் பேசாமைதான் அவரைக் கொன்றிருக்க வேண்டும். எழுந்து கை கழுவினார். “கருப்பு கோயிலுக்கு வாங்கண்ணே. சூடத்த அணைக்கிறேன்” என்றார்.

உங்களுக்குச் சொல்ல வேண்டாம். எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்துவிட்டால், அதற்கு மேல் மனிதன் கேள்வி கேட்கக் கூடாது. மெய்யென்றால் ஒன்றும் ஆகாது. பொய்யென்றால் சாமி பார்த்துக்கொள்ளும். போலீசும் வேண்டாம், பஞ்சாயத்தும் வேண்டாம். எங்கள் ஆட்களுக்கு அதுதான் பெரிய கோர்ட்டு.

வெள்ளிக்கிழமை எல்லாரும் போனோம். கருப்பு கையில் அரிவாளோடு, கண்ணை உருட்டிக்கொண்டு நின்றார். பூசாரி தட்டில் சூடத்தை ஏற்றினார். சித்தப்பா ஈர வேட்டியோடு முன்னால் வந்தார்.

“எங்க அண்ணன் வண்டியில ஒரு சொட்டு டீசல் நான் எடுக்கல. யாருக்கும் கொடுக்கல” என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவ்வளவுதான் கேட்டிருந்தார்கள். ஆனால் அவர் மெய் சொல்கிறவர். மெய் சொல்கிறவனுக்குப் பயம் கிடையாது. அண்ணனின் முகத்தைத் திரும்பிப் பார்த்தார். அதில் இன்னும் சந்தேகம் மிச்சமிருந்திருக்க வேண்டும். “எம் பொண்டாட்டி வயித்துல இருக்க பிள்ளை மேல சத்தியம்” என்று சொல்லி, சூடத்தை ஓங்கி அடித்து அணைத்தார்.

சித்தி என் தோளைப் பிடித்திருந்தாள். அவள் நகம் என் சதைக்குள் இறங்கியது. அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்குக் கத்தத் தோன்றவில்லை.

இங்கேதான் எனக்கு இன்றுவரை ஆத்திரம் வருகிறது. சத்தியத்துக்குப் பிறகும் டீசல் குறைந்தது. அப்பாவின் குச்சி தினமும் அதைச் சொன்னது. தம்பி எடுக்கவில்லை என்று நம்பியிருந்தால் மறுபடி மெக்கானிக்கைக் கூப்பிட்டிருக்க வேண்டும், பம்பைக் கழற்றியிருக்க வேண்டும், ஒழுகலைத் தேடியிருக்க வேண்டும். யாரும் தேடவில்லை. கருப்பிடம் ஒப்படைத்த வழக்கைப் பட்டறைக்குக் கொண்டுபோனால் சாமியை நம்பாத மாதிரி ஆகிவிடுமாம். அம்மாவே ஒரு தடவை மெக்கானிக் பேச்சை எடுத்தாள். “சாமி சொல்லட்டும். நடுவுல நாம எதுக்கு?” என்று அப்பா அடக்கிவிட்டார். சித்தப்பாவும் வாய் திறக்கவில்லை. தேடச் சொன்னால் சத்தியத்துக்குப் பயந்துவிட்டான் என்பார்கள் என்று நினைத்திருப்பார். வீடே ஒரு தீர்ப்புக்காகக் காத்துக்கொண்டிருந்தது. சித்தி மட்டும் வயிற்றில் கையை வைத்தபடி சுவரோரம் படுத்திருப்பாள். டீசல் வாடை அடித்தால் இப்போது வாந்தி எடுத்தாள்.

எட்டாம் மாதத்தில் பிள்ளைக்கு வயிற்றிலேயே அசைவு நின்றது. ஆண் பிள்ளை. ஆசுபத்திரியிலிருந்து துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். எனக்குக் காட்டவில்லை. தலை நிறைய முடி இருந்தது என்று அம்மா பிற்பாடு சொன்னாள்.

அப்பா சத்தம் போட்டு அழுதார். அதில் பொய்யில்லை. ஆனால் அழுது முடித்த பிறகு அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. அம்மாதான் அதை வாய்விட்டுச் சொன்னாள், அடுப்படியில் பக்கத்து வீட்டு அத்தையிடம். “கருப்பு கேட்டுருச்சு.” என் அம்மா கெட்டவள் இல்லை. சித்தியைத் தன் கூடப் பிறந்தவளைப் போல வைத்திருந்தவள். அவளே அதைச் சொன்னாள் என்றால் ஊர் என்ன சொல்லியிருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சித்தி சித்தப்பாவை ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். நான் அவளுக்குக் கஞ்சி கொண்டுபோன நேரம். சித்தப்பா கட்டில் காலருகே தரையில் உட்கார்ந்திருந்தார்.

“எடுத்தீங்களோ எடுக்கலையோ, அது எனக்கு வேணாம். எம் பிள்ளைய எதுக்குத் தட்டுல வச்சீங்க?”

“எடுக்கலத்தா. எடுத்திருந்தா வச்சிருப்பேனா?” என்று அவர் அழுதார். சித்தி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். உசிலம்பட்டியிலிருந்து அவள் அண்ணன் வந்தார். எங்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அவரையும் சேர்த்துத்தானே திருடனாக்கியிருந்தோம். தங்கையைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். சில நாளில் சித்தப்பாவும் லாரிச் சாவியைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் போய்விட்டார்.

அப்பா வேறு டிரைவரைப் போட்டார். கோட்டையூர்ப் பக்கத்து ஆள், வாய் நிறைய வெற்றிலை. டீசல் அப்போதும் குறைந்தது. இதைக் கேட்டால் உங்களுக்குச் சிரிப்புக்கூட வரலாம். இவன் வந்தும் குறைகிறதே, அப்படியென்றால் தம்பி எடுக்கவில்லையோ என்று அப்பாவுக்குத் தோன்றவே இல்லை. “டிரைவர்னா எல்லாம் ஒண்ணுதான்” என்றார். காலையில் வழக்கம்போல ஆயில் கம்பியை உருவிப் பார்த்துக்கொண்டார். அந்த ஒன்றாவது தன்னை ஏமாற்றவில்லை என்கிற ஆறுதல் அவருக்கு இருந்திருக்க வேண்டும்.

அறுப்புக் காலம் வருவதற்குள் லாரி ஒத்தக்கடைக்குப் பக்கத்தில் கல் பாரத்தோடு நின்றுபோனது. உள்ளே தடதடவென்று அடித்து, எஞ்சின் ஜாமாகிவிட்டது. வேறொரு லாரியில் கட்டி இழுத்துவந்து பொட்டலில் விட்டார்கள். மறுநாள் காலையில் அதே மெக்கானிக் வந்தார். சேம்பருக்குக் கீழே பழைய சட்டியை வைத்து, அடித் திருகாணியைக் கழற்றினார்.

ஆயில் என்றால் எப்படி விழும் என்று உங்களுக்குத் தெரியும். தேன் மாதிரி நின்று நிதானமாக இறங்கும். இது கறுப்புத் தண்ணீராகப் பீய்ச்சி அடித்தது. சட்டி நிரம்பி, வழிந்து, பொட்டல் மண்ணில் ஓடியது. நிற்கவே இல்லை. அதிலிருந்து வந்தது ஆயில் வாடை இல்லை. எனக்கே தெரிந்தது. டீசல்.

மெக்கானிக் பம்பைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே ஒரு ரப்பர் சீல் தேய்ந்து பிளந்திருந்தது. டீசல் வெளியே ஒழுகாமல் அந்த வழியாக எஞ்சினுக்குள்ளேயே இறங்கி ஆயிலோடு கலந்திருக்கிறது. வெளியே எத்தனை டப்பா பவுடரைக் கொட்டினாலும் நனைந்திருக்காது. ஆயில் குறையாமல் நின்றது ராசியால் அல்ல. குடித்த ஆயிலின் இடத்தை டீசல் நிரப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. ஆயில் நீர்த்துப்போய்ப் பேரிங்கெல்லாம் தேய்ந்துவிட்டது.

மெக்கானிக் மண்ணில் அப்படியே உட்கார்ந்தார். “குறையுதான்னுதானே கேட்டேன்... கூடுதான்னு நான் கேக்கலையே அண்ணே” என்றார். எத்தனை தடவை அதைச் சொன்னார் என்று தெரியாது. அப்பா அந்தக் கறுப்புத் தண்ணீரை உள்ளங்கையில் அள்ளி மோந்துகொண்டிருந்தார். முழங்கை வழியாக வழிந்து வேட்டியெல்லாம் நனைந்தது. அம்மா கூப்பிட்டாள். அவர் காதில் விழவில்லை.

சித்தப்பாவைத் திருமங்கலத்தில் கண்டுபிடித்தார்கள். ஒரு நெல் மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். ஸ்டியரிங்கைத் தொடுவதில்லையாம். அப்பா அவர் கையைப் பிடித்து எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். சித்தப்பா கேட்டுவிட்டு, “எங்கிட்டச் சொல்லி என்னண்ணே ஆகப்போகுது? அவகிட்டப் போய்ச் சொல்லுங்க. அவ நம்பிட்டாப் போதும், நான் போய்க் கூட்டிட்டு வாரேன்” என்றாராம். அவருக்கு இன்னும் நம்பிக்கை இருந்திருக்கிறது. சத்தியம் பொய்யில்லை என்று தெரிந்தால் அவள் வந்துவிடுவாள் என்று நினைத்திருக்கிறார்.

அப்பாவோடு என்னையும் அனுப்பினாள் அம்மா. பிள்ளை கூட வந்தால் கதவைச் சாத்த மாட்டார்கள் என்று கணக்கு. பஸ்ஸில் போனோம். உசிலம்பட்டியில் இறங்கிப் புழுதியில் நடந்தோம். நொண்டிக் காலோடு அவர் எனக்கு முன்னால் போனார். சித்தியின் அண்ணன் கிணற்றைத் தாண்டித்தான் வீடு. எட்டிப் பார்த்தேன். அடியில் பாறை வெள்ளையாகத் தெரிந்தது. ஆயில் எஞ்சின் சாக்கைப் போர்த்திக்கொண்டு சும்மா நின்றது. பருத்தியும் இல்லை, ஒன்றும் இல்லை. அப்பாவிடம் எவனோ பொய் சொல்லியிருக்கிறான்.

சித்தி வாசலில் நிலக்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலரப் பார்த்தது, மலரவில்லை. அப்பா உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார்.

“ஆத்தா, எந் தம்பி எடுக்கல. வண்டிக்குள்ளயே எறங்கியிருக்கு. நான் பாவி, தெரியாமப் பேசிட்டேன். அவன் அணைச்ச சூடம் மெய்யித்தா. அவன் பொய் சொல்லல. நீ வந்துரு.”

சித்தி கையில் இருந்த கடலையை உடைத்து, பருப்பைத் தனியாகப் போட்டாள், தோலைத் தனியாகப் போட்டாள். அவள் அழுவாள் என்று நான் நினைத்தேன். அவள் அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். கோபம்கூட இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவளைப் போலக் கேட்டாள்.

“மெய்யின்னா, எம் பிள்ளை எதுக்கு மாமா செத்துச்சு?”

அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

“பொய்ச் சத்தியம்னு நெனச்சுத்தான் மனச ஆத்திட்டு இருந்தேன். அவுக செஞ்சாக, சாமி கேட்டுச்சுன்னு. இப்ப வந்து அதுவும் இல்லங்கிறீங்க. அப்ப நான் யாரைக் கேக்க?”

கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு, தூரத்திலிருந்து வந்தவர்கள் ஆயிற்றே என்று, எழுந்து உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நாங்கள் அதைக் குடித்துவிட்டு வந்துவிட்டோம்.